கன்னி மூலைப் பாரம்

ஆஞ்சப்பன் ஓட்டிய பிக்கப் வண்டியின் டேஷ்போர்டில் எப்போதும் ஓர் எண் சுண்ணக்கட்டியால் எழுதப்பட்டிருக்கும். ஒரு நாள் நாற்பத்திரண்டு, இன்னொரு நாள் முப்பத்தைந்து, அபூர்வமாக ஐம்பது. அன்றைக்குப் பின்னால் கட்டி இழுக்கும் வண்டியோடு அவர் எந்த வேகத்தைத் தாண்டமாட்டார் என்பதையே அந்த எண் குறித்தது.

ஓசூரில் தொழிற்பேட்டையை ஒட்டி விமல்ராஜ் நடத்திவந்த ஷெட்டில் அவருக்கு ஒன்பது ஆண்டு வேலை. இரும்புச் சட்டத்தின் மேல் பலகையும் தகரமும் அடித்து, நடுவே சக்கரங்கள் பொருத்தி, அந்த ஷெட்டில் சக்கர வீடுகள் செய்தார்கள். சாலை போடுகிறவர்களுக்கு அலுவலகம், கட்டட வேலைக்கு வந்த வடநாட்டுத் தொழிலாளர்களுக்குப் படுக்கையறை, எப்போதாவது வசதியுள்ள ஒருவருக்குக் குடும்பத்தோடு ஊர் சுற்றும் வண்டி. அவற்றுக்கு எஞ்சின் கிடையாது. உரிய இடத்துக்கு இழுத்துச் சென்று விட்டுவருவது ஆஞ்சப்பனின் பொறுப்பு.

எண்ணைக் கண்டுபிடிக்க அவரிடம் ஒரு முறை இருந்தது. புதிய வண்டியைப் பூட்டிக்கொண்டு நெடுஞ்சாலையின் ஓரச் சாலைக்குப் போவார். போக்குவரத்து குறைந்த காலை நேரத்தில் முப்பதில் தொடங்கி, சிறிது சிறிதாக வேகத்தைக் கூட்டியபடி, இரண்டு பக்கக் கண்ணாடிகளையும் மாறிமாறிப் பார்ப்பார். ஒரு கட்டத்தில் பின்வண்டியின் வால், நடக்கும் எருமையின் பின்புறம்போல, இடமும் வலமும் மெல்ல அசையத் தொடங்கும். அந்த வேகத்தில் பத்தைக் கழித்தால் வருவது அந்த வண்டியின் எண். கழித்த பத்து எதற்கு என்று கேட்டால், காற்றுக்கும் பள்ளத்துக்கும் இறக்கத்துக்கும் என்று சொல்லியிருப்பார். ஆனால் அவர் யாருக்கும் எதையும் விளக்கியதில்லை. “இந்த வண்டிக்கு இவ்ளோதாங்க” என்பார். அத்துடன் முடிந்தது.

விமல்ராஜ் பொறியியல் படித்தவர். அவரும் ஒரு கணக்கு வைத்திருந்தார். நாற்பத்தைந்துக்கும் ஐம்பத்தைந்துக்கும் இடையில் ஒரே சீராகப் போனால் டீசல் குறைவாகச் செலவாகும், அதற்கு மேல் போனால் பின்வண்டியின் முன்சுவர் காற்றில் முட்டி டீசலைக் குடிக்கும், அதற்குக் கீழே போனால் தாழ்ந்த கியரில் எஞ்சின் குடிக்கும் என்பது அந்தக் கணக்கு. ஆஞ்சப்பன் அதை மறுக்கவில்லை. தம் எண் அந்த இடைவெளிக்குள் விழும் நாளில் அதன்படியே ஓட்டினார். விழாத நாளில் டீசலை விட்டுக்கொடுத்தார்.

இந்தப் பிடிவாதத்துக்கு இருபத்துநான்கு ஆண்டுப் பழைய காரணம் ஒன்று உண்டு. அப்போது அவர் பர்கூர்ப் பக்கம் ஒரு கல் குவாரியில் டிராக்டர் ஓட்டினார். டிரெய்லரில் ஏற்றிய கற்பாளங்களின் மேல் எல்லப்பன் என்ற சக தொழிலாளி உட்கார்ந்து வருவது வழக்கம். ஒரு சனிக்கிழமை, வேலை முடிகிற அவசரத்தில், ஆஞ்சப்பன் குவாரிச் சரிவில் வேகத்தைக் கூட்டினார். டிரெய்லர் டிராக்டரைத் தள்ளியது, பிறகு குறுக்கே திரும்பியது. எல்லப்பன் பாளங்களுக்கு அடியில் போனார். குடிபோதையில் அவராகவே குதித்துவிட்டார் என்று குவாரிக்காரர்கள் எழுதிக்கொடுத்தார்கள். எல்லப்பன் குடிக்காதவர் என்பது ஆஞ்சப்பனுக்குத் தெரியும். இருந்தும் வாயைத் திறக்கவில்லை. எல்லப்பனின் மனைவி மாதேஸ்வரி, தன் புருஷன் குடித்துச் செத்தான் என்ற பேச்சைத் தாங்க முடியாமல், இரண்டே மாதத்தில் ஊரைவிட்டுப் போனாள்.

தமக்குப் பின்னால் இன்னோர் உயிர் போகக் கூடாது. அதற்குப் பிறகு ஆஞ்சப்பன் வாழ்ந்ததெல்லாம் இந்த ஒன்றுக்காகத்தான் என்று சொல்லலாம். பின்வண்டியில் ஆளை ஏற்றமாட்டார். கிளம்புவதற்கு முன் கதவைத் திறந்து உள்ளே ஒருமுறை பார்த்துவிட்டே பூட்டுவார்.

அஞ்செட்டிப் பக்கத்து விவசாயி முனிவேல் ஒரு சக்கர வீடு கேட்டு ஷெட்டுக்கு வந்தார். அவருக்கும் அவருடைய தம்பிக்கும் நிலத்தில் வழக்கு. தீர்ப்பு வரும்வரை அந்த நிலத்தில் கட்டடம் எழுப்பக் கூடாதென்று தடையுத்தரவு இருந்தது. பதினெட்டு ஆண்டுகளாக அவரும் அவர் மனைவி சென்னம்மாளும் தம்பி வீட்டின் பின்னறை ஒன்றில் ஒண்டியிருந்தார்கள். சக்கரத்தின் மேல் நிற்பது கட்டடம் ஆகாது என்று யாரோ வக்கீல் யோசனை சொல்லியிருக்கிறார்.

பதினாறு அடி நீளத்தில் ஓர் அறை, ஒரு சமையல் மேடை, ஒரு கழிப்பறை, முந்நூறு லிட்டர் தண்ணீர்த் தொட்டி. விமல்ராஜ் தொட்டியை வண்டியின் முன்பக்கம் வைத்து வரைபடம் போட்டிருந்தார். முனிவேல் வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“தொட்டி கன்னி மூலையில இருக்கணுங்க. அதான ஒசரமாவும் கனமாவும் இருக்க வேண்டிய எடம்?”

அவர் வடக்கு வாசல் கேட்டிருந்தார். வாசல் வடக்கே பார்த்தால் வண்டியின் முகம் கிழக்கே நிற்கும். அப்படி நிற்கையில் தென்மேற்காகிய கன்னி மூலை, வண்டியின் பின்கோடியில் வலப்பக்கம் வந்து விழும். சக்கரத்துக்குப் பின்னால் பாரம் ஏறினால் வால் ஆடும் என்பது விமல்ராஜுக்குத் தெரியும்.

“ஐயா, அசையாத வீட்டுக்கு வாஸ்து பாக்கலாம். இது ரோட்டுல போறது. ஒவ்வொரு வளைவுலயும் உங்க கன்னி மூலையும் கூடவே திரும்பும்.”

“ரோட்டுல போறது ஒரு நாளு. எங்க நெலத்துல நிக்கப் போறது எங்க காலம் முடியற வரைக்கும். அந்த ஒரு நாள நீ பாத்துக்க தம்பி. மிச்சத்த நான் பாத்துக்கறன்.”

விமல்ராஜ் வரைபடத்தை மாற்றினார். தொட்டி பின்னால் போனது. வண்டி போய்ச் சேரும்வரை தொட்டி காலியாக இருக்கும் என்று அவர் தமக்குத் தாமே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

வீடு முடிந்ததும் சென்னம்மாள் பார்க்க வந்தாள். நாற்பத்தேழு வயது. சமையல் மேடையின் இழுப்பறையைத் திறந்து மூடினாள், மறுபடியும் திறந்து மூடினாள். பிறகு சக்கரத்தருகே குனிந்திருந்த ஆஞ்சப்பனைக் கூப்பிட்டாள்.

“டிரைவர்ண்ணா, இந்த ஊடு கோவிச்சிகினா அதுவா நடந்து போயிடுமா?”

“எதனா பூட்டுனாத்தாங்கம்மா நவுரும்.”

“அப்ப எங்க ஊட்டுக்காரரப் பூட்டிடலாம். சும்மாத்தான் இருக்கறாரு.”

முனிவேல்தான் முதலில் சிரித்தார்.

மறுநாள் ஓரச் சாலையில் அந்த வீட்டின் வால் நாற்பத்தெட்டில் ஆடியது. ஆஞ்சப்பன் டேஷ்போர்டில் முப்பத்தெட்டு என்று எழுதினார்.

குடிபுகும் நாள் ஒரு வெள்ளிக்கிழமை. ஒன்பது மணியிலிருந்து பத்தரை வரை நல்ல நேரம், பத்தரைக்கு மேல் ராகு காலம். ஓசூரிலிருந்து தேன்கனிக்கோட்டை வழியாக அஞ்செட்டிக்குப் போகும் சாலையில், அஞ்செட்டிக்குச் சற்று முன்பாகவே முனிவேலின் நிலம் இருந்தது. ஆஞ்சப்பன் காலை ஆறு மணிக்குக் கிளம்பினார். முப்பத்தெட்டைத் தாண்டாமல் ஓட்டி ஏழு மணிக்குள் தேன்கனிக்கோட்டையை அடைந்தார். சென்னம்மாள் பிறந்த வீடு அங்கே இருந்தது. வீட்டை எதிர்கொண்டு அழைத்துப் போக உறவினர் ஒரு வேனோடு காத்திருந்தார்கள். மேளம் மட்டும்தான் இல்லை. மற்றபடி மாப்பிள்ளை அழைப்பில் நடக்கிற எல்லாமே நடந்தன. பூமாலையை வீட்டின் எந்த இடத்தில் போடுவது என்று பெண்கள் விவாதித்து, கடைசியில் கதவுக் கைப்பிடியில் மாட்டினார்கள்.

ஆஞ்சப்பனை உள்ளே அழைத்து உட்காரவைத்து இலை போட்டார்கள். மறுக்க முடியவில்லை. பூசை முடிந்து, பந்தி முடிந்து, அவர் கை கழுவிக்கொண்டு தெருவுக்கு வந்தபோது மணி ஒன்பது.

அவர் கண் முதலில் பிக்கப்பின் பின்புறத்தில் நின்றது. அது நான்கு விரல் உயர்ந்திருந்தது. வீட்டின் வால் அதே அளவுக்குத் தாழ்ந்திருந்தது. வேகமாகப் போய்க் கதவைத் திறந்தார். பின்மூலையில், சென்னம்மாளுக்குப் பிறந்த வீட்டுச் சீராக வந்த புத்தம்புதிய இரும்பு பீரோ மஞ்சள் குங்குமத்தோடு நின்றது. அதற்குப் பக்கத்தில், உயரத்தில், தொட்டி நிரம்பித் தளும்பிக்கொண்டிருந்தது.

“யாருங்க தண்ணி ரொப்புனது?”

“எம் மச்சான்தான். தொட்டி காலியா ஊடு உள்ள போவலாமா? கன்னி மூல கனமா இருந்தாத்தான் ஊடு நெலச்சி நிக்கும் ஆஞ்சப்பா,” என்றார் முனிவேல்.

“ஊடு நிக்கும். வண்டி நிக்காதுங்க.”

“ஏன்?”

அந்தக் கேள்விக்கு ஒரு விடை இருந்தது. சக்கரத்துக்குப் பின்னால் பாரம் கூடினால் இணைப்புக் கம்பியின் மேல் அழுத்தம் குறையும், முன்வண்டியின் பின்சக்கரங்கள் தரையில் பிடிப்பை இழக்கும், இறக்கத்தில் சிறிய அசைவும் பெரிதாகி இரண்டு வண்டிகளையும் மடக்கிப்போடும். இதை ஆஞ்சப்பன் ஐந்து நிமிடத்தில் ஒரு குழந்தைக்கும் புரியும்படி சொல்லியிருக்கலாம். முனிவேல் அறிவில்லாதவர் அல்லர். மாட்டு வண்டியில் பின்பாரம் ஏறினால் நுகத்தடி மாட்டின் கழுத்தைவிட்டு மேலே எழும்பும் என்பதை அறிந்தவர்.

“இந்த வண்டிக்கு ஆவாதுங்க. தண்ணிய உட்டுடுங்க, பீரோவ எறக்குங்க,” என்று மட்டும் ஆஞ்சப்பன் சொன்னார்.

“வெச்ச சீர எடுப்பாங்களா?” என்று ஒரு பெண்குரல் எழுந்தது. மச்சான் தெலுங்கில் ஏதோ முணுமுணுத்தார். இரண்டு இளைஞர்கள் சிரித்தார்கள். பேரம் நடந்தது. தண்ணீரில் பாதியைத் தெருவில் திறந்துவிட ஒப்புக்கொண்டார்கள். பீரோ நிற்கும் இடத்திலேயே நிற்கும், ஆனால் கயிற்றால் கட்டப்படும். “கட்டியாச்சி” என்று உள்ளேயிருந்து மச்சான் குரல் கொடுத்தபோது ஆஞ்சப்பன் சக்கரத்தருகில் இருந்தார். உள்ளே போய் முடிச்சைப் பார்க்கவில்லை. கதவைத் திறந்து, ஆள் இல்லை என்பதை மட்டும் பார்த்துப் பூட்டினார். சாவியை முனிவேல் வாங்கிக்கொண்டார். வீட்டுக்காரர் சாவி கேட்டால் கொடுக்காமல் இருப்பதெப்படி?

டேஷ்போர்டில் முப்பத்தெட்டை விரலால் அழித்துவிட்டு இருபது என்று எழுதினார். மணி ஒன்பதே கால்.

முனிவேல் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். உறவினரின் வேன் பின்னால் வந்தது. ஊர் எல்லையைக் கடந்து காடு தொடங்கும் இடத்தில் சாலையின் வலப்பக்கம் ஒரு சிறு கோயில் உண்டு. இறக்கத்துக்கு முன் வண்டிக்காரர்கள் எல்லாரும் அங்கே நிறுத்தித் தேங்காய் உடைத்துவிட்டுப் போவார்கள். பத்து மணிக்குச் சற்று முன் அங்கே வந்தார்கள். ஆஞ்சப்பன் இறங்கிச் சாலையைக் கடந்து போய்த் தேங்காய் உடைத்தார்.

சென்னம்மாளின் கையில் ஒரு விளக்கு இருந்தது. பிறந்த வீட்டுப் பூசை மாடத்தில் ஏற்றிய சுடர் அணையாமல் புது வீட்டுக்குள் போக வேண்டும் என்பது அவள் தாய்வீட்டு முறை. வேனில் சன்னல் காற்று அடித்து இரண்டு முறை சுடர் அணையப் பார்த்தது. புது வீட்டின் சன்னல்கள் இறுக மூடியிருந்தன. வீட்டின் கதவோ சாலைக்கு இடப்பக்கம், கோயிலிலிருந்து பார்த்தால் தெரியாத பக்கம் இருந்தது. முனிவேல் கதவைத் திறந்துவிட்டார். அவள் விளக்கோடு ஏறி உட்கார்ந்தாள். “டிரைவர்ண்ணா வெய்வாரு” என்று அவள் சொன்னதாகவும், “அவருக்கு எங்க தெரியப் போவுது” என்று தாம் சொன்னதாகவும் முனிவேல் பின்னால் நீதிமன்றத்தில் கூறினார்.

ஆஞ்சப்பன் திரும்பி வந்து ஏறினார். கதவை மறுபடி பார்க்கவில்லை. ஒருமுறை பார்த்துப் பூட்டிய கதவு.

“பொம்பளைங்க எல்லாம் வேன்ல முன்னாடி போறாங்க,” என்றார் முனிவேல். யாரும் கேட்காத கேள்விக்குச் சொன்ன பதில் அது. ஆஞ்சப்பன் அதைக் கவனிக்கவில்லை.

இறக்கம் தொடங்கியது. வேகமுள் இருபதில் நின்றது. இரண்டாம் கியரில் எஞ்சின் முனகியது. முன்னால் போன வேன் முதல் வளைவிலேயே கண்ணைவிட்டு மறைந்தது. முனிவேல் கைபேசியை எடுத்து நேரம் பார்த்தார், வைத்தார், மறுபடி எடுத்தார்.

“பத்து அடிச்சிடுச்சி. இந்தப் போக்குல எப்பப் போய்ச் சேருவம்?”

“பத்தே முக்கா ஆவுங்க.”

“ராவு காலத்துல கால் வெக்கச் சொல்றியா? எந்தம்பி வேலியோரம் நின்னுகினு சிரிப்பான்ப்பா. பதினெட்டு வருசமாச் சிரிச்சிகினுதான் இருக்கறான்.”

ஆஞ்சப்பன் பக்கக் கண்ணாடியைப் பார்த்தார்.

“முன்ன முப்பத்தெட்டுன்னு எழுதியிருந்த. காலையில அதுலதான வந்த? ஊடு ஆடுச்சா?”

“ஆடலீங்க.”

“இப்பவும் ஆடலையே.”

ஆடவில்லை என்பது உண்மை. கண்ணாடிகளில் வீடு சாதுவாக வந்துகொண்டிருந்தது. பின்னால் இருப்பவை பலகை, இரும்பு, பாதித் தொட்டித் தண்ணீர். கெட்டுப்போனால் செய்துகொள்ளக்கூடியவை. உயிர் என்று பார்த்தால் முன்வண்டியில் இருக்கும் இரண்டு பேர். அதில் ஒருவர் தம் வாயாலேயே வேகம் கேட்கிறார். இப்படித்தான் தாம் எண்ணியதாக ஆஞ்சப்பன் பின்னர் ஒவ்வொரு சொல்லாக நினைவுகூர்ந்தார். காலைச் சற்றே அழுத்தினார். இருபத்தைந்து. முப்பது. வளைவுகளில் குறைத்து, நேர்ப்பாதையில் ஏற்றினார். முனிவேலின் முகம் தெளிந்தது. இப்படியே போனால் பத்து இருபத்தைந்துக்குச் சேர்ந்துவிடலாம்.

மூங்கில் புதர்களுக்கிடையே சாலை அரைக் கிலோமீட்டர் வளைவில்லாமல் கீழிறங்கும் ஓர் இடம். முள் முப்பத்தாறைத் தொட்டது. சாலையின் இடப்புறம் மழை அரித்த ஒரு பள்ளத்தில் பின்வண்டியின் சக்கரம் இறங்கி ஏறியது. தொட்டியின் பாதித் தண்ணீர் ஒரு பக்கம் ஓடி, மறுபக்கம் திரும்பி வந்தது. வால் ஒருமுறை அசைந்தது. அடுத்த அசைவு அதைவிடப் பெரிதாக இருந்தது. மூன்றாவதில் பிக்கப்பின் பின்புறம் தரையைவிட்டு நழுவுவதை ஆஞ்சப்பன் தம் இடுப்பில் உணர்ந்தார்.

அவர் செய்தவை எல்லாம் சரி. பிரேக்கை மிதிக்கவில்லை. மிதித்திருந்தால் பின்வண்டி முன்வண்டியை மடக்கியிருக்கும். ஸ்டீயரிங்கை இடமும் வலமும் ஒடிக்காமல் நேரே பிடித்தார். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தார். பின்வண்டிக்கு மட்டும் பிரேக் பிடிக்கும் கைப்பிடியைச் சிறிது சிறிதாக இழுத்தார். வீடு ஏழெட்டு முறை மூர்க்கமாக ஆடி, பிறகு அடங்கியது. நூறு மீட்டர் தள்ளி இரண்டு வண்டிகளும் ஒரே கோட்டில், ஒரு கீறலும் இல்லாமல், சாலையோரத்தில் நின்றன. ஆஞ்சப்பன் மூச்சை விட்டார். பிழைத்தோம் என்றே அவர் எண்ணினார்.

கைப்பிரேக்கை அவர் இழுப்பதற்கு முன்பே முனிவேல் கதவைத் திறந்து குதித்துவிட்டார். “சென்னம்மா! ஏ சென்னம்மா!” என்று கூவிக்கொண்டு வீட்டை நோக்கி ஓடினார். ஆஞ்சப்பனுக்கு அப்போதுதான் தெரிந்தது.

பீரோவைக் கட்டியிருந்த கயிறு அவிழ்ந்து கிடந்தது. சமையல் மேடைக்கும் பீரோவுக்கும் இடையில் இருந்த அவளைத் தூக்கி வெளியே கிடத்த இருவருக்கும் நெடுநேரம் பிடித்தது. மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் வழியில் மூச்சு நின்றது என்று, திரும்பி வந்து அவளை ஏற்றிக்கொண்ட வேனில் இருந்தவர்கள் சொன்னார்கள். அதற்கு முன்பே நின்றுவிட்டது என்பதை ஆஞ்சப்பன் அறிவார்.

மதியத்துக்குள் விமல்ராஜ் காவல் நிலையத்துக்கு வந்துசேர்ந்தார். மச்சானும் உறவினரும் வாசலில் கூடியிருந்தார்கள். என்ன சொல்வது என்பதை அவர்கள் ஏற்கெனவே முடிவுசெய்திருந்தார்கள். விமல்ராஜ் ஆஞ்சப்பனைத் தனியே அழைத்துப் போனார்.

“ஆஞ்சப்பண்ணா, யானை குறுக்க வந்துச்சி. நீங்க ஒதுக்குனீங்க. அவ்ளோதான். அந்த ரோட்டுல யானைன்னா யாரும் மேல ஒண்ணும் கேக்க மாட்டாங்க.”

“யானை வரலீங்க சார்.”

“தெரியும்ணா. டேஷ்போர்டுல இருவதுன்னு உங்க கையால எழுதியிருக்கு. போலீஸே போட்டோ எடுத்துட்டாங்க. இருவதுல வந்தீங்க, யானை வந்துச்சி. உங்களுக்கும் நல்லது, எனக்கும் நல்லது, அவருக்கும் நல்லது. பாவம், அவரே ஏத்திவுட்டாருன்னு வெளிய தெரிஞ்சா அந்த மனுசன் உசிரோட இருப்பாரா?”

வராந்தாவின் மறுகோடியில் முனிவேல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். மச்சான் அவர் தோளைப் பிடித்திருந்தார். அந்தக் கை ஆறுதலுக்கு வைத்ததா, எழாமல் இருப்பதற்கு வைத்ததா என்று சொல்ல முடியாது.

ஆய்வாளர் வாக்குமூலம் எழுத உட்கார்ந்தார். “யானை எந்தப் பக்கத்திலிருந்து வந்தது?” என்பதே அவருடைய முதல் கேள்வி.

“யானை இல்லீங்க. வண்டி ஆடுச்சி. நான் முப்பத்தாறுல வந்தன்.”

ஆய்வாளர் பேனாவை வைத்தார். “இருவதுன்னு எழுதி வெச்சிருக்க?”

“எழுதுனது இருவது. வந்தது முப்பத்தாறு.”

“யோசிச்சி சொல்லுய்யா. உன் தலையில நீயே போட்டுக்கற. உன்ன யாராவது மெரட்டுனாங்களா?”

“இல்லீங்க. எல்லாரும் நல்லதுதான் சொன்னாங்க.”

ஏன் அப்படிச் சொன்னார் என்று விமல்ராஜ் பல நாள் கேட்டார். ஆஞ்சப்பன் இந்த முறை விளக்கினார். பர்கூரில் ஒரு சாவை இன்னொன்றாக எழுத விட்டேன், அது ஒரு பெண்ணை ஊரைவிட்டுத் துரத்தியது என்றார். விமல்ராஜ் முழுவதும் கேட்டுவிட்டு, “அது வேற, இது வேறண்ணா” என்றார். அத்துடன் அவர்களுக்குள் பேச்சு குறைந்தது. ஓட்டுநர் உரிமம் போனது. சில வாரங்களில் வேலையும் போனது. இப்போது அவர் ஒரு கிரானைட் பாலிஷ் பட்டறையில் பகல் நேரக் காவலாளி.

வழக்கு தேன்கனிக்கோட்டை நீதிமன்றத்தில் நடக்கிறது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஆஞ்சப்பன் இரண்டு பேருந்து மாறி வருகிறார். முனிவேலும் வருகிறார். ஆஞ்சப்பனின் வாக்குமூலத்துக்குப் பிறகு அவரும் உண்மையைச் சொல்ல வேண்டியதாயிற்று. சென்னம்மாளின் அண்ணன் அவரோடு பேசுவதில்லை. முனிவேல் இன்னும் தம்பி வீட்டின் பின்னறையிலேயே இருக்கிறார். தம்பி சிரிப்பதை நிறுத்திவிட்டான் என்றும், அதைத்தான் தாங்க முடியவில்லை என்றும் வக்கீலிடம் சொல்லியிருக்கிறார். வழக்குச் சொத்தான சக்கர வீடு காவல் நிலையத்தின் பின்புறம் டயர் இறங்கி நிற்கிறது.

எட்டு மாதம் இருவரும் நீதிமன்ற வராந்தாவின் நீண்ட பெஞ்சில் இரண்டு முனைகளில் உட்கார்ந்தார்கள். ஒன்பதாவது மாதம் ஒரு வாய்தாவில் முனிவேல் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

“தண்ணி ரொப்புன அன்னிக்கி, ஏன்னு கேட்டன் உன்ன.”

“கேட்டீங்க.”

“சொல்லியிருக்கலாம்.”

“சொல்லியிருக்கலாங்க.”

“நானும் சொல்லியிருக்கலாம், அவ உள்ள இருக்கறான்னு. சொன்னா வண்டிய நிறுத்திடுவன்னு சொல்லல.”

“நிறுத்தியிருப்பன்.”

வராந்தாவின் கீழ் யாரோ ஒரு வக்கீல் கைபேசியில் கன்னடத்தில் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார். அவர் நகர்ந்து போகும்வரை முனிவேல் காத்திருந்தார்.

“இருவதுலயே வந்திருந்தா?”

“போய்ச் சேந்திருப்பம். பத்தே முக்கா ஆயிருக்கும்.”

முனிவேல் விரல்களை மடக்கி எண்ணினார். “ராவு காலம் பன்னண்டுக்கு முடியும். அதுவரைக்கும் நான் அவள உள்ள உட்டிருக்க மாட்டன். வெளக்கோட வெளியவே நிக்க வெச்சிருப்பன்.”

“ம்.”

“ஒண்ணேகா மணி நேரம். வெயில்ல நின்னிருப்பா. என்ன நாலு திட்டு திட்டியிருப்பா.”

“நின்னிருப்பாங்க.”

“அவ்ளோதான் ஆயிருக்கும்,” என்றார் முனிவேல்.

உள்ளேயிருந்து ஊழியர் வந்து வழக்கின் எண்ணையும் ஆஞ்சப்பனின் பெயரையும் உரக்கக் கூப்பிட்டார். முனிவேல் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு முதலில் எழுந்தார். பிறகு ஆஞ்சப்பன் எழுந்து அவர் பின்னால் உள்ளே போனார்.